லாயத்துப் பள்ளிக்கூடத்தின் பின்சுவர்

உங்களில் யாராவது குதிரை லாயத்தில் உட்கார்ந்து படித்திருக்கிறீர்களா? நான் படித்திருக்கிறேன். நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், யார் பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகியது, யார் புளியமரத்தடியில் படித்தார் என்று பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சில் இதுவரை என்னை யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் லாயம் என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அரவேணுவைத் தாண்டிச் சாலையில் இறங்கி, தேயிலைக்குள் ஒன்றரை மைல் கீழே நடந்தால் எங்கள் எஸ்டேட். அப்பாவுக்கு அங்கே ஃபாக்டரியில் ஃபிட்டர் வேலை. அம்மா கொழுந்து எடுத்தாள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் இருந்த எல்லோருமே தாராபுரம், பல்லடம் பக்கத்திலிருந்து பிழைக்க மலையேறியவர்கள்தான். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் குதிரைகளுக்காகக் கட்டிய நீளமான கல் கட்டடம் லைனுக்கு மேலே மேட்டில் இருந்தது. துரையும் போய், குதிரைகளும் போய், சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து அதைப் பள்ளிக்கூடம் நடத்த விட்டுக்கொடுத்தார்கள். நடுவில் ஒரு மூங்கில் தட்டியை நிறுத்தி இரண்டு அறையாக்கினார்கள். ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை அதற்குள்தான்.

குதிரைகளைக் கட்டும் இரும்பு வளையங்கள் சுவரில் அப்படியே இருந்தன. அவற்றில் பைகளை மாட்டுவோம். ஆளுக்கொரு வளையம். ஜன்னலிலிருந்து மூன்றாவது என்னுடையது. வளையம் கிடைக்காத சின்னப் பிள்ளைகள், ஐந்தாவது முடித்து யாராவது போகும்வரை பையை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கல்லுக்குள்ளிருந்து ஒரு வாசனை வரும். ஊறிய வைக்கோலும் பழைய தோலும் சேர்ந்த மாதிரி. குதிரை வாசனை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். எங்களில் ஒருவரும் குதிரையைத் தொட்டதில்லை. ஆனாலும் அது குதிரை வாசனைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர். குன்னூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, ரோட்டிலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு இறங்கி வருவார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது என்று இப்போது கணக்குப் போடுகிறேன். அப்போது எங்களுக்கு அவர் வயதே இல்லாத ஒரு ஆள். முழங்கையில் வேறு நிற நூலால் தைத்த மெரூன் ஸ்வெட்டர். செருப்புக்குள் காலுறை. கல்யாணமாகவில்லை. குன்னூரில் படுக்கையோடு கிடந்த அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் நாங்கள் பால் பவுடர் கரைத்த பாலைக் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் ஊசிகளை எடுத்துப் பின்னிக்கொண்டிருப்பார். அடுத்த வருஷம் ஒன்றாவதில் சேரப்போகிற பிள்ளைகளுக்குக் குல்லா.

கூரை தகரம். மழை வலுத்தால் பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்த மாதிரி நாட்களில் டீச்சர் வாயே திறக்கமாட்டார். கரும்பலகையில் எழுதுவார், நாங்கள் எழுதுவோம். ஒருத்தி தப்பாக எழுதினால் வந்து ஸ்லேட்டில் விரலை வைப்பார். அவ்வளவுதான். வெளியே மலை முழுக்கக் கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே முப்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கட்டடங்களில் இருந்திருக்கிறேன். அந்த அமைதி எங்கும் கிடைக்கவில்லை.

நான் சொல்லவந்த வருஷம் ஐப்பசியிலேயே மழை பிடித்துவிட்டது. பின்சுவரில் ஒரு விரிசல் விட்டது. முதலில் ஸ்லேட்டுக் குச்சி நுழையும் அகலம். நானும் பக்கத்து வீட்டுக் கூட்டாளியும் அதற்குள் குச்சியை விட்டு ஆழம் பார்ப்போம். பிறகு விரல் நுழைந்தது. டீச்சர் அந்த விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதினார். வாரம் ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் போன வாரத்துக் கோட்டைவிட நீளம். ஒன்றாவது பிள்ளைகளை அந்தச் சுவருக்குப் பக்கத்திலிருந்து எழுப்பி வாசல் பக்கம் உட்காரவைத்தார்.

எஸ்டேட் ஆபீஸில் போய்ச் சொன்னார். கட்டடம் இப்போது எங்களுடையது இல்லை என்றார்கள். தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் எங்கள் லைன் மேஸ்திரியிடம் சொன்னார். அவர், "மழை நிக்கட்டுங்க டீச்சர், பாக்கலாமுங்க" என்றார். ஒரு நாள் மதியம் டீச்சர் பின்னல் ஊசிகளை எடுக்கவில்லை. நீளத்தாளில் கல்வி ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என்னைக் கூப்பிட்டார். ஓட்டத்தில் நான்தான் முதல். எஸ்டேட் ஆபீஸின் தபால் பையை எடுத்துக்கொண்டு தினமும் அந்த நேரத்தில் மேலே போகும் தபால்கார மாமா வளைவு திரும்பும் முன் அவரிடம் கொடுக்க வேண்டும்.

ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றேன்.

"குடுத்துட்டியா அம்முணி?"

"குடுத்துட்டேனுங்க டீச்சர். அதுல என்னங்க எழுதியிருக்கீங்க?"

வேறு யாராவதாக இருந்தால் உனக்கெதற்கு என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொன்னார்: "இந்தச் சுவரைப் பிரிச்சுப் புதுசாக் கட்டிக் குடுங்கன்னு எழுதியிருக்கேன். இது மூணாவது லெட்டர்."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். கடிதத்தில் என்ன இருந்தது என்று அந்த எஸ்டேட்டில் டீச்சருக்கு அடுத்தபடியாக எனக்கு மட்டும்தான் தெரியும்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சுவர் சரிந்தது. திங்கட்கிழமை காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது, கட்டடத்துக்குப் பின்னால் நின்றால் கரும்பலகை தெரிந்தது. சனிக்கிழமை எழுதிய வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. கற்கள் சரிவில் உருண்டு தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தன. இரண்டு தகரம் பிய்ந்து தொங்கிக்கொண்டு காற்றில் முனகின. நல்லவேளை லீவு நாளாகப் போனது என்று பெரியவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். டீச்சர் ஒன்றாவது பிள்ளைகள் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில் கிடந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்து நிறுக்கும் கொட்டாயில் வகுப்பு நடந்தது. காலையில் எடை போட ஆள் வரும்போது நாங்கள் எழுந்துகொள்ள வேண்டும். போன பிறகு மறுபடி உட்கார வேண்டும். துணியெல்லாம் பச்சை இலை வாசனை.

இரண்டு வாரம் கழித்து, கல்வி ஆபீஸ் அனுப்பிய ஓவர்சீயர் ஒருவர் கட்டடத்தைப் பார்க்க வந்தார். அன்றைக்கு டீச்சர் லீவு. அவர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். ஓவர்சீயர் குடைக்கம்பியால் மற்ற மூன்று சுவர்களையும் தட்டிப் பார்த்தார். கூட வந்தவர் வாசல் நிலைக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

ஓவர்சீயர் சொன்னார்: "இது நிக்காதுங்க. மழை முடிஞ்சதும் இடிச்சுருவோம். புள்ளைங்கள ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துல சேத்துருங்க."

மேஸ்திரி கேட்டார்: "ஏனுங்க சார், அது சோலைக்குள்ள நாலு மைலுங்களே. காட்டெருமை நிக்கற வழிங்க."

"நான் என்ன பண்றது? நாங்களா தேடி வரலீங்களே. உங்க டீச்சரம்மா எழுதிக் கேட்டுத்தான வந்திருக்கோம்."

அவர் பொய் சொல்லவில்லை. பாதிதான் சொன்னார். மீதிப் பாதியைச் சுற்றி நின்ற கூட்டமே இட்டு நிரப்பிக்கொண்டது. போன வருஷம் டீச்சர் தன் அம்மாவின் உடம்பைச் சொல்லிக் குன்னூருக்குள் மாற்றல் கேட்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். கட்டடத்தை இடித்துவிட்டால் தானாக மாற்றல் கிடைத்துவிடும் அல்லவா? அதை முதலில் சொன்னது என் அம்மா. அம்மாவுக்கு நாக்கு கூர்மை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் அது கொழுந்துக் கூடையோடு மலை முழுக்கப் போகும்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்த லெட்டர நீதான கொண்டுபோய்க் குடுத்த?"

"ஆமாங்கம்மா."

அவள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அத்தனை பெரியவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ பெரிய சாட்சி சொன்ன மாதிரி ஒருவர் தலையாட்டினார். பத்து வயதில் அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

மறுநாள் டீச்சர் வந்தபோது பெண்கள் பாதையிலேயே நிறுத்திக் கேட்டார்கள். "கட்டிக் குடுங்கன்னுதானுங்க எழுதினேன்" என்றார் அவர். "இடிக்கச் சொல்லி எழுதுவேனுங்களா?" அவர் கண் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தது. நான் கூட்டாளியின் பின்னால் நகர்ந்துகொண்டேன். இப்போது வாயைத் திறந்தால் நேற்று அம்மா சொன்னது பொய்யாகிவிடும். எல்லோர் முன்னாலும் அம்மா பொய்க்காரியாகிவிடுவாள். அப்படித்தான் நினைத்தேன். டீச்சர் ஒரு தடவைக்கு மேல் சொல்லவில்லை. கொட்டாய்க்குப் போய் வருகைப் பதிவை எடுத்தார்.

அதோடு அவருக்குக் காலையில் யார் வீட்டிலிருந்தாவது வரும் காபி நின்றுபோனது.

கூட்டாளியின் வீட்டில் அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். "பொட்டப்புள்ளய அந்தக் காட்டு வழியில எப்படீங்க அனுப்பறது? எப்படியும் நிக்கப்போறவ, இப்பவே நிக்கட்டும்" என்றாள் அவள் அம்மா. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தோளில் சின்னக் கூடையோடு அவள் தேயிலைக்குள் போவதைக் கொட்டாயிலிருந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. என் வீட்டிலும் என்னை நிறுத்துவதைப் பற்றிப் பேச்சு ஆரம்பமாகியிருந்தது. நிறுத்தக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். எல்லோரையும்விட அவளுக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. தன் பெயரை எழுதத் தெரியாமல் சம்பளத் தாளில் விரலை வைக்கும்போதெல்லாம் அவள் முகம் கறுக்கும்.

அப்பாவும் மேஸ்திரியும் ஒருநாள் லீவு போட்டுக் கல்வி ஆபீஸுக்குப் போய்க் கேட்டார்கள். புதுக் கட்டடத்துக்கு இந்த வருஷம் வழியில்லை. ஆனால் தைப்பொங்கல் லீவு முடிவதற்குள் கட்டடத்தைச் சரியாக்கிக் காட்டினால் வந்து பார்ப்போம், தேறினால் இடிக்கமாட்டோம் என்றார்களாம். அப்பா திரும்பிவந்து சொன்னது ஒரே வரி. "நாமளே கட்டிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் ஆரம்பித்தன. மார்கழி பிறக்கப்போகிற சமயம். விடியும்போது ஓடைப் பள்ளத்தில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருக்கும். மேலே பள்ளிக்கூடத்து மேட்டில் தீ மூட்டிக் குளிர்காய்ந்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். கூரைத் தகரங்களைக் கழற்றி அப்பா தரையில் போட்டு மரச்சுத்தியலால் நிமிர்த்துவார். அந்தச் சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பும். ஓட்டைகளில் தாரை ஊற்றிச் சாக்குத் துணியை ஒட்டுவார்கள். அடுத்த மலையிலிருந்த படுகர் ஹட்டியின் பெரியவர் ஒருவர் கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸில் இரண்டைக் கூரைக்கு வெட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரும் எங்களோடு படித்தார்கள். லைனில் ஒருவருக்கு மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், கொத்து வேலை பார்த்த பழக்கம் இருந்தது. அவர்தான் சுவரெடுத்தார்.

சரிவில் உருண்டுபோன கற்களை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால் பெண்கள் தேயிலைக்குள்ளிருந்து சுவர் வரைக்கும் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கல்லை எடுத்து அடுத்தவள் கையில் கொடுக்க, கல் கைமாறிக் கைமாறி மேலே ஏறும். சிரிப்பும் பேச்சும் கூடவே ஏறும். எங்களுக்குச் சின்னச் சில்லுகள் பொறுக்கும் வேலை. பாவாடையில் கட்டிக்கொண்டுபோய்க் கொத்தனார் காலடியில் கொட்டுவோம்.

இரண்டாவது ஞாயிறு டீச்சர் வந்தார். அவருக்கும் அது ஒரே ஒரு லீவு நாள். பஸ் பிடித்து, ஒன்றரை மைல் இறங்கி வந்திருந்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நானும் நிக்கறேனுங்க" என்றார். யாரும் வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வரிசையில் கொத்தனாருக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது. கரைத்த சுண்ணாம்பு தெறித்துக் கை வெந்து கொப்பளித்துவிடும் என்று அங்கே யாரும் நிற்கமாட்டார்கள். அவர் அங்கே போய் நின்றார். அவருக்குக் கீழே நின்றது என் அம்மா.

முதல் கல் வந்தது. அம்மா அதை வாங்கினாள். டீச்சர் இரண்டு கையையும் நீட்டினார். அம்மா கல்லைத் தரையில் வைத்தாள்.

டீச்சர் குனிந்து எடுத்துக் கொத்தனாரிடம் கொடுத்தார். அடுத்த கல். அதையும் அம்மா தரையில் வைத்தாள். சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான். வரிசையில் மற்ற எல்லோருக்கும் கல் கையிலிருந்து கைக்கு வந்தது. டீச்சருக்கு மட்டும் தரையிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் குனிந்து எழுந்தார். எந்தக் கல்லோடு அவர் கை நீட்டுவதை நிறுத்தினார் என்று எனக்கு ஞாபகமில்லை. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார். மதியம் எல்லோருக்கும் ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் பரிமாறினாள் அம்மா. டீச்சரைக் கூப்பிடவில்லை. அவர் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து பன்னை எடுத்துப் பிட்டுத் தின்றார். என் பக்கமும் பார்த்தார். நான் களியை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு யோசிக்கும்போது ஒன்று தெரிகிறது. வரிசையில் கடைசி ஆள் அவர். அவர் நின்ற நாட்களில் அந்தச் சுவரில் ஏறிய ஒவ்வொரு கல்லும் அவர் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அன்றைக்கு இது யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தார். அதே இடம். கல்லும் அதே மாதிரி தரையில்தான்.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்த சமயம், ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவர் கேட்ட குன்னூருக்கு இல்லை. மலைக்குக் கீழே எங்கோ ஒரு ஊர். கட்டடமில்லாத பள்ளிக்கூடத்தில் ஆளை எதற்கு வைத்திருப்பது என்று நினைத்திருப்பார்கள். அவர் ஸ்லேட்டுகளை எண்ணி அடுக்கிவைத்தார். பதிவேட்டையும் பெட்டிச் சாவியையும் மேஸ்திரியிடம் கொடுத்தார். எங்களுக்கு அன்றைக்கும் ஒரு கணக்கு எழுதிப் போட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார்.

பாதையின் இரண்டு பக்கமும் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாண்டிப் போகும்போது ஒருத்தியும் நிமிரவில்லை. கூட்டாளி மட்டும் கூடையை வைத்துவிட்டு, தம்பியோடு ஓடிவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே வளைவு வரைக்கும் போனோம்.

அங்கே நின்று திரும்பினார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"ஜன்னல் வரைக்கும் வந்துருச்சில்ல?" என்றார்.

"வந்துருச்சுங்க டீச்சர்."

"இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்." கூட்டாளியின் தம்பிக்குக் காது மறையக் குல்லாவை இழுத்துவிட்டார். "காத்து அடிக்குது. ஊட்டுக்குப் போங்க சாமி."

அவ்வளவுதான். குடை வளைவில் திரும்பியது.

அன்று மாலை அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அப்பா கையில் படிந்த தாரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "அம்மா, டீச்சர் சுவரைக் கட்டிக் குடுக்கச் சொல்லித்தான் எழுதினாங்க. மூணாவது லெட்டர்னு அன்னைக்கே என்கிட்டச் சொன்னாங்க."

அம்மா ஊதுகுழலை எடுத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணெல்லாம் புகை.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அடிக்கக் கை ஓங்கினாள். கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கித் தன் மடியில் கிடந்தது. அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அடுப்பு அணைந்துபோனது. வெகுநேரம் யாரும் அதை ஊதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கல் தூக்கப் போகவில்லை. தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் புடவையைக் கட்டி, ஒரு துணிப்பையில் அவரைக்காயும் ஃபாக்டரித் தேயிலைத் தூளும் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். விலாசம் தபால்கார மாமா சொன்னது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் படிக்கட்டாகவே ஏறும் ஒரு சந்து. வழி முழுக்க அம்மா உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கு அதற்கான வார்த்தைகள் தெரியாது என்றே நினைக்கிறேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சருங்களா? நேத்துத்தானுங்க சாமானெல்லாம் ஏத்திட்டுக் கீழ போனாங்க. பாவம், படுத்திருக்கற அம்மாவ நாலு பேர் நாற்காலியோட தூக்கி லாரியில வெச்சாங்க."

"எந்த ஊருங்க?" என்றாள் அம்மா.

"அவிநாசிப் பக்கமோ, அன்னூர்ப் பக்கமோ. சரியாத் தெரியலீங்க. நீங்க எங்கிருந்து வர்றீங்க?"

அம்மா எஸ்டேட் பெயரைச் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது. "அந்த எஸ்டேட்டுங்களா? வாங்க, உக்காருங்க. கொஞ்ச நாளா அவங்க கையெல்லாம் ஒரே கொப்பளமுங்க. சோறு பிசைய முடியாம ஸ்பூன்ல சாப்பிட்டாங்க. என்னாச்சுன்னு கேட்டேன். 'நாங்க எல்லாருஞ் சேந்து பள்ளிக்கூடம் கட்டறோமுங்க, எங்க எஸ்டேட்டுப் பொம்பளைங்க மாதிரி வேலை செய்யற ஆளுங்கள நீங்க பாத்திருக்கமாட்டீங்க'ன்னாங்க. அந்தப் பொம்பளைங்கள்ல நீங்களும் ஒருத்தருங்களா?"

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே வைத்திருந்தாள். கொண்டுபோன பையை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு எழுந்தாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். மூடுபனியில் வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லோரும் கூடையோடு நிற்கும்போது, அம்மா சத்தமாகச் சொன்னாள். "டீச்சரம்மா கட்டத்தான் சொல்லி எழுதியிருக்காங்க. எம்புள்ளைக்குத் தெரியும். நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்." எடை போடுகிறவர் தராசைப் பிடித்தபடி நின்றார். அடுத்த ஞாயிறு வரிசை கூடியபோது அம்மா கொத்தனாருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சுண்ணாம்பு பட்டுக் கை வெந்தது. எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார் அப்பா. தடவிக்கொள்ளவில்லை.

பொங்கல் லீவு முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் அதே ஓவர்சீயர் வந்தார். புதுச்சுவரைத் தட்டினார், தோளால் முட்டிப் பார்த்தார். "யாருங்க கட்டினது?" என்றார். "இங்கிருக்கறவங்க" என்றார் மேஸ்திரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிவப்புக் குறியின் மேல் மூன்று கை சுண்ணாம்பு அடித்தும் அது லேசாக ரோஜா நிறத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. கூட்டாளி கூடையை வீசிவிட்டு வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள். குன்னூரிலிருந்து புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். நல்ல மனிதர். மழை நாளில் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்துவார். எங்களுக்குத்தான் ஒன்றும் காதில் விழாது.

டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி அம்மா என்னை உட்காரவைத்தாள். எழுதினேன். விலாசம் தெரியாததால் கல்வி ஆபீஸுக்கே போட்டோம். பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

கூட்டாளி எட்டாவது வரை படித்து, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் நர்ஸானேன். கீழ்நாட்டில் ஊர் ஊராக மாற்றினார்கள். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலை, அங்கே இருக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் விசாரிப்பது. மலையிலிருந்து வந்த டீச்சர், உடம்புக்கு முடியாத அம்மா, நன்றாகப் பின்னுவார் என்று சொல்லுவேன். இரண்டு இடத்தில், இருந்தார்கள், போய்விட்டார்கள் என்றார்கள். அது அவர்தானா என்றும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான் ஊருக்குப் போகும்போது, பையை இறக்கிவைக்கும் முன் அம்மா கேட்பாள்: "கெடச்சாங்களா?" கடைசிக் காலத்தில் என்னையே அடையாளம் தெரியாமல் போன பிறகுகூட அதை மட்டும் கேட்டாள்.

அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. போன வருஷம் போயிருந்தேன். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். பின்சுவர் அசையவில்லை.

டீச்சர் உயிரோடு இருந்தால் தொண்ணூறு வயதாவது ஆகியிருக்கும். இனிமேல் தேடிப் பிடிப்பேன் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. நான் இதை எழுதுவது உங்களுக்காக. அந்த வருஷத்துக்குப் பிறகு, அவிநாசிப் பக்கமோ அன்னூர்ப் பக்கமோ, ஏதாவதொரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்தவர்கள் உங்களில் இருக்கக்கூடும். உங்களிடம் அவர் மலையைப் பற்றி எப்போதாவது பேசியிருப்பார். பேசாமல் இருந்திருக்கமாட்டார். எங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.